180 நாள் லாக் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

இணையச் சேவையில் தரவு கசிந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் ‘விசாரணை நடக்கிறது’ என்ற வரியும் கூடவே வருகிறது. விசாரிக்க லாக் வேண்டும், அதாவது செயலி தனக்குள் நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு. ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய பல செயலிகளில் அது விசாரணை தொடங்கும் முன்பே அழிந்திருக்கும். யாரும் திட்டமிட்டு அழிப்பதில்லை. செயலியின் அமைப்புக் கோப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஜாவாவின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில் எழுதிய செயலிகளில் லாக் எழுதுவது வழக்கமாக லாக்பேக் என்ற நிரல் நூலகம். அதன் கையேட்டில் உள்ள ஓர் உதாரணத்தில் மேக்ஸ்ஹிஸ்டரி (பழைய கோப்புகளை எவ்வளவு காலம் வைப்பது) 30, டோட்டல்சைஸ்கேப் (அவற்றின் மொத்த அளவுக்கு வரம்பு) 3 ஜிபி. அதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் எந்தக் கோப்பும் தங்காது.

30-ஐ 180 ஆக மாற்றினால் மட்டும் போதாது. அந்த எண் எப்போதும் நாள் கணக்கு அல்ல. கோப்புப் பெயரில் தேதியை எப்படி எழுதியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெயரில் மணியும் இருந்தால் 180 என்பது 180 மணி நேரம், அதாவது ஏழரை நாள். அடுத்து மொத்த அளவின் வரம்பு. ஒரு நாளைக்கு 500 எம்பி லாக் சேர்கிறது என்று வையுங்கள். கோப்புப் பெயர் ஜிஇசட் என்று முடிந்தால் லாக்பேக்கே சுருக்கிவிடும். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 180 நாளுக்கு 9 ஜிபி ஆகும். வரம்பு 3 ஜிபியாகவே இருந்தால் அறுபது நாள் லாக்தான் மிஞ்சும். 15 ஜிபி வைத்துவிட்டு, வட்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செயலியைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள்ளேயே கோப்பை எழுதினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். கன்டெய்னரை நீக்கும்போது லாக்கும் சேர்ந்து போய்விடும்.

இதைவிடக் கண்ணில் படாத இழப்பு, லாக் வரிகளை ஒரு வரிசையில் வைத்துப் பின்னணியில் எழுதும் லாக்பேக்கின் ஏசிங்க் அப்பெண்டரில் நடக்கிறது. வேகத்துக்காகச் சேர்க்கும் இதன் வரிசையில் இயல்பாக 256 வரிகளுக்கே இடம். எண்பது சதவீதம் நிரம்பியதும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ என்ற குறைந்த முக்கியத்துவ நிலைகளில் உள்ள வரிகளைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்பதைப் பெரும்பாலோர் இன்ஃபோவில்தான் எழுதுகிறார்கள். தாக்குதல் நேரத்து நெரிசலில் முதலில் காணாமல் போவது அந்த வரிகளே. எப்போது கைவிடத் தொடங்குவது என்று சொல்லும் டிஸ்கார்டிங்த்ரெஷோல்டை 0 ஆக்கினால் எதுவும் விடுபடாது. வரிசை நிரம்பும்போது செயலி சற்றுக் காத்திருக்கும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிழை ஏற்படும்போது எக்ஸெப்ஷனின் (ஜாவாவில் பிழையின் விவரத்தைத் தாங்கும் பொருள்) செய்தியை மட்டும் சரத்தோடு ஒட்டி எழுதும் பழக்கமும் ஒழிய வேண்டும். லாக் எழுதும் கட்டளைக்கு எக்ஸெப்ஷனையே கடைசி ஆர்குமென்டாக (உள்ளீடாக) கொடுத்தால்தான் நிரலின் எந்த வரியில் பிழை விழுந்தது என்று தெரியும். நேரத்தோடு நேர மண்டலத்தையும் அச்சிடுங்கள். கன்டெய்னர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரத்தோடு ஒப்பிட்டால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய லாக்கை வங்கி போன்ற வேறோர் அமைப்பின் லாக்கோடு பொருத்துவது பெரும்பாடு.

அதிகமாக எழுதுவதிலும் ஆபத்து உண்டு. ட்விட்டர் 2018 மே மாதம் தன் பயனர்களைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம், அந்தக் கடவுச்சொற்கள் உள் லாக்கில் மறைக்கப்படாமல் பதிவானதுதான். ஜாவா நிரலைச் சுருக்கி எழுத உதவும் லாம்பாக்கின் டேட்டா குறிப்பு, ஆப்ஜெக்டை (தரவுத் தொகுப்பை) எழுத்தாக மாற்றும் டூஸ்ட்ரிங்கில் எல்லாப் புலங்களையும் சேர்த்துவிடும். ஆப்ஜெக்டை அப்படியே லாக் செய்தால் ஓடிபியும் ஆதார் எண்ணும் கோப்பில் வந்து உட்காரும். அந்தப் புலங்களுக்கு, அவற்றை விலக்கும் டூஸ்ட்ரிங் எக்ஸ்க்ளூட் குறிப்பைப் போடுங்கள்.

மென்பொருளுக்கு டெண்டர் விடும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பராமரிப்பு ஒப்பந்தத்தின் ஏழாவது மாதம், ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு குறிப்பிட்ட நாளின் லாக்கை அங்கேயே எடுத்துக்காட்ட வேண்டும் என்று நிபந்தனை சேருங்கள். காட்டிய பிறகு அந்தத் தவணைப் பணத்தை விடுவியுங்கள்.

— ஜாவா நிரலாளர், கோயம்புத்தூர்