இரண்டாவது மோட்டாரை மாட்டித் தாருங்கள்: நகராட்சி ஆணையருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற பௌர்ணமி இரவும் கடைசித் தெருவில் சாக்கடை வீடுகளுக்குள் ஏறிவிட்டது. முகத்துவாரத்தை ஒட்டிய கழிவுநீரேற்று நிலையத்தின் நிலவரம் தங்களுக்குத் தெரியும். பழைய கதையை மறுபடி எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். கம்பிச்சுருள் (காயில்) கட்டக் கழற்றிப்போன இரண்டாவது மோட்டாரை ஐப்பசி மழைக்கு முன் மாட்டித் தாருங்கள்.

இரண்டு நீர்மூழ்கி மோட்டார் வைப்பதே ஒன்று ஓடவும் ஒன்று கைவசம் இருக்கவும்தான். இப்போது இருக்கும் ஒன்றுக்கு ஓய்வே இல்லை. மீன்சந்தைக் கழிவோடு வரும் நைலான் வலைத்துண்டும் வீடுகளிலிருந்து வரும் துணியும் நீரைத் தள்ளும் சுழல் தகடான இம்பெல்லரில் சுற்றிக்கொள்கின்றன. நீர் ஏறும்போது மிதந்து மோட்டாரை ஓடவைக்க வேண்டிய மிதவை சுவிட்ச் கொழுப்புக் கட்டியில் ஒட்டிக்கொண்டு மேலே எழும்புவதில்லை. மோட்டார் நின்றதும், நான்-ரிட்டர்ன் வால்வின் கதவு இறுக மூடாததால், ஏற்றிய நீரும் நிலையத்தின் கழிவுநீர்க் கிணற்றுக்கே திரும்பி இறங்குகிறது. கிணறு நிரம்பினால் நீர் எதிர்த்து ஏறுவது ஊரிலேயே தாழ்வான எங்கள் தெருவுக்குத்தான். கழிப்பறைக் கோப்பையின் வாயில், பாலித்தீன் பையில் கட்டிய மணல்மூட்டையை வைத்து, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் பெண்கள் முதலில் தேடுவது விளக்கை அல்ல, அந்த மூட்டையை. அது இருக்கும்வரை கழிப்பறைக்குப் போகவும் வழியில்லை.

மோட்டாருக்கு ஓய்வில்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மணற்பாங்கான ஊர், நிலத்தடி நீர்மட்டம் மேலே. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்களின் இணைப்புகள் விட்டுப்போய், கடல் ஓதம் ஏறும்போது உப்புநீர் உள்ளே கசிகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. குழாயில் வரும் நூறு லிட்டரில் ஐந்து லிட்டர் கடல்நீராக இருந்தாலே லிட்டருக்கு 950 மில்லிகிராம் வந்துவிடும். உப்பு திடீரென ஏறியிறங்கினால் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தாங்காது. சேறு சரியாகப் படியாமல் கலங்கலாகவே வெளியேறும். கடல்நீரின் சல்பேட், காற்றில்லாத குழாயில் ஹைட்ரஜன் சல்பைடாகி, ஈரச் சுவரில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கிறது. மேன்ஹோலின் உட்சுவர் சுண்ணாம்புபோல் உதிர்வது இதனால்தான்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது. ஓதம் ஏறியிருக்கும் ஓர் இரவில், வீட்டுப் புழக்கம் மிகக் குறைந்திருக்கும் 2 மணியிலிருந்து 4 மணிக்குள், வாளியைக் கயிற்றில் இறக்கி மேன்ஹோல் மேன்ஹோலாக நீர் எடுத்து டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பின் அளவு) பாருங்கள். எந்த இரண்டு மேன்ஹோலுக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் கசிவு. அந்தத் துண்டை மட்டும் மாற்றினாலே மோட்டாரின் சுமை குறையும்.

யாரையும் உள்ளே இறக்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்வே போய்விடும். நாற்றம் தெரியவில்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அப்படியும் அடைப்பு என்றால் இந்நாட்டில் இன்னும் மனிதரைத்தான் கூப்பிடுகிறார்கள். கடற்கரையில் நடைபாதைக்கும் வண்ண விளக்குக்கும் பணம் கிடைக்கிறது. மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்க்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு என்கிறார்கள். எழுதும்போதே கோபம் வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

மீண்டும் பணிவோடு கேட்கிறோம். ஐப்பசிக்கு முன் இரண்டாவது மோட்டார் வர வேண்டும். அதை மாட்டும் நாளிலேயே வால்வின் ரப்பர் சீட்டையும் மாற்றி, கிணற்றுக்கு முன்னுள்ள கம்பிச் சல்லடையைத் தினமும் இரண்டு வேளை வாரச் சொல்லுங்கள். இரண்டு மோட்டாரும் ஜெனரேட்டரில் ஓடுகின்றனவா என்று மெயினை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டும் தேதியை எழுத்தில் தெரிவித்தால் போதும். தெருவில் எல்லோருக்கும் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கடைசித் தெருக் குடியிருப்போர்