ஜெப வேளையிலாவது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாகிய லெந்து நாட்கள் நெருங்கிவரும் இவ்வேளையில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் தன் பலத்தை இழந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கத்தைக் குறித்துத் தங்கள் நாளிதழின் வழியாக எழுத விரும்புகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ வீட்டார் எல்லாரும் கூடி நடத்தும் குடும்ப ஜெபத்தையே சொல்கிறேன். அது நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் இன்றும் பாய் விரிக்கப்படுகிறது, வேதம் வாசிக்கப்படுகிறது, முழங்கால்படியிட்டு ஜெபமும் ஏறெடுக்கப்படுகிறது. ஆனால் அந்தச் சிறிது நேரமாவது முழுமையாகக் கர்த்தருக்கென்று இருக்கிறதா என்பதே என் கவலை.

வேதப்புத்தகம் இருந்த இடத்தில் இப்போது ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்து வருகையில், மகனுடைய முறை வரும் நேரம் பார்த்து, நண்பன் அனுப்பிய செய்தி திரையின் மேல் விளிம்பிலிருந்து இறங்கி, அவன் வாசிக்க வேண்டிய வரியையே மறைக்கிறது. அவன் அதை விரலால் தள்ளிவிட்டு வசனத்தை வாசித்து முடிக்கிறான். ஆனால் அவன் மனம் அந்தச் செய்தியின் பின்னாலேயே போய்விட்டது. தாயார் ஜெபிக்கும்போது பாயின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் கைப்பேசி ஒன்று அதிர்கிறது. யாரும் அதை எடுப்பதில்லை என்றாலும், கண்களை மூடியிருக்கும் அத்தனை பேரும் யாராயிருக்கும் என்று யோசித்துவிடுகிறார்கள். ஆமென் சொன்னவுடன், பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன்பே கைகள் அந்தப் பக்கம் நீளுகின்றன. பக்தியில்லாத வீடுகளில் இப்படி நடந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாத, காணிக்கையில் குறை வைக்காத, ஊழியங்களைத் தாங்குகிற குடும்பங்களிலேயே இது நடக்கிறது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் வேரூன்றிய விதத்தை நினைத்துப் பார்த்தால் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது முதல், 1820-இல் மிஷனரி இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து ஊழியம் செய்த காலத்திலும் அதற்குப் பின்னரும், ஊருக்கு நடுவே ஆலயமும் ஆலயத்துக்கு ஒரு மணியும் வேதம் போதிக்கும் உபதேசியார் ஒருவரும் என்றுதான் சபைகள் அமைந்தன. பனையேறுகிறவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் நிறைந்த அந்த ஊர்களில் யாருக்கும் ஓய்வு மிகுந்திருக்கவில்லை. பதநீர்க் காலத்தில் பனையேறும் குடும்பத்துக்கு விடியற்காலம் தொடங்கி அந்தி வரை வேலை இருக்கும். இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக வார்க்கும் பெண்களுக்கு அடுப்பை விட்டு நகர முடியாது. அப்படியிருந்தும் மணி அடித்தால் ஜெபம் என்பது அவர்களுக்குப் பழக்கமாயிருந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைத்த பெண்களை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூருகிறார்கள். கத்தோலிக்கச் சகோதரர்களின் வழியும் இதுவேதான். 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த புனித பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, தாமே மனப்பாடம் செய்து, மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். காலை, நண்பகல், மாலை என்று மணியோசையோடு சொல்லப்படும் மூவேளைச் செபம் கடலோர ஊர்களின் அன்றாட வாழ்க்கைக்கே ஓர் ஒழுங்கைத் தந்தது. அன்றைக்கும் கடன் இருந்தது, நோய் இருந்தது, பக்கத்து வீட்டுச் சண்டையும் இருந்தது. மனத்தைக் கலைக்கிற காரியங்கள் நம் தலைமுறைக்கென்று புதிதாக வந்தவை அல்ல. ஜெபத்துக்கென்று குறித்த வேளையும் இடமும் அவர்களிடம் காக்கப்பட்டன, நம்மிடம் அவை காக்கப்படவில்லை.

அலுவல் மிகுந்தவர்களுக்கு இது கூடாத காரியம் என்று சொல்கிறவர்கள் வேதத்தில் வரும் தானியேலை நினைக்க வேண்டும். தரியு ராஜாவின் கீழ் 120 தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்கும் மூன்று பிரதானிகளில் ஒருவராக இருந்தவர் அவர். ராஜ்யம் முழுவதின் பொறுப்பு தோளில் இருக்கையில், தினம் மூன்று வேளையும் தம் மேலறையில், எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த பலகணிக்கு முன்பாக முழங்கால்படியிட்டார். அதற்குத் தடைச் சட்டம் வந்த பிறகும் தாம் முன் செய்துவந்தபடியே செய்தார் என்று வேதம் சொல்கிறது. நேரம் கிடைக்கும்போது ஜெபிப்போம் என்று அவர் விட்டுவைத்திருந்தால் சட்டம் வந்த அன்றே ஜெபம் நின்றுபோயிருக்கும்.

இயேசுவின் நாள் ஒன்றையும் மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் நமக்குக் காட்டுகிறது. கப்பர்நகூமில் சூரியன் அஸ்தமித்த பிறகும் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் வந்து கூடியிருந்தார்கள். அவர் அநேகரைச் சொஸ்தமாக்கினார். மறுநாள் அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார். சீமோனும் உடனிருந்தவர்களும் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றார்கள். அவர்கள் கெட்ட காரியத்துக்கு அழைக்கவில்லை, வியாதிக்காரருக்காகத்தான் அழைத்திருப்பார்கள். ஆனாலும் அவர் அந்த அழைப்பின்படி திரும்பிப் போகாமல், அடுத்த ஊர்களில் பிரசங்கிக்கப் போகலாம் வாருங்கள் என்றார். எல்லாரும் தேடுகிறார்கள் என்ற அந்தச் செய்திதான் இன்று நம் கைப்பேசியில் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி நல்ல செய்தியாகவே இருப்பதால் அதை ஒதுக்கிவைக்க நமக்கு மனம் வருவதில்லை.

இதில் சபைகளாகிய நமக்கும் பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, வாலிபர் சங்கத்துக்கு ஒன்று, பெண்கள் ஐக்கியத்துக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று, அசனம் என்னும் சபை விருந்தின் வேலைகளுக்கென்று தனியாக ஒன்று. காலை ஐந்து மணிக்கே வசனப் படங்கள் வரத் தொடங்குகின்றன. பூக்களின் மேல் எழுதிய ஒரு வசனத்தைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் நேரத்தில் அந்த வசனம் உள்ள அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிடலாம். மரண அறிவிப்பு, இரத்த தானத்துக்கான அவசர வேண்டுகோள் ஆகியவற்றுக்கு இக்குழுக்கள் பேருதவியாக இருப்பதை நான் அறிவேன். ஆனால் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அசனப் பந்தலைப் பற்றிய செய்தி சபைக் குழுவில் வருமானால், அதை அனுப்பியவரும் ஆலயத்துக்குள்தான் இருக்கிறார், வாசிக்கிறவரும் ஆலயத்துக்குள்தான் இருக்கிறார்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, புனித பேதுரு சதுக்கத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தாகிய நற்கருணையைக் குறித்துத் தமது மறைக்கல்வி உரைகளைத் தொடங்கிய போப் பிரான்சிஸ் அவர்கள், இதயங்களை உயர்த்துங்கள் என்றே குருவானவர் சொல்கிறார், படமெடுக்கக் கைப்பேசிகளை உயர்த்துங்கள் என்று சொல்வதில்லை என்று கண்டித்துப் பேசினார். விசுவாசிகள் மட்டுமல்லாமல் குருக்களும் ஆயர்களுங்கூட அப்படிச் செய்வது தமக்கு மிகுந்த வருத்தம் தருவதாகவும் சொன்னார். நம்முடைய திருவிருந்து ஆராதனையிலும் இருதயங்களை உயர்த்துங்கள் என்ற அழைப்பு உண்டு. கர்த்தரிடத்தில் உயர்த்துகிறோம் என்று நாமும் வாய்திறந்து பதில் சொல்கிறோம். நாம் சொல்லும் அந்தப் பதில் மெய்யாயிருக்க வேண்டும்.

ஆகையால் சேகர குருமார்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் இது. லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, ஞாயிறு காலை ஆராதனை நேரத்திலும் தினமும் இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரையிலும், மரண அறிவிப்பைத் தவிர வேறு எதையும் சபைக் குழுக்களில் அனுப்புவதில்லை என்று ஒரு தீர்மானம் எடுங்கள். ஆராதனைக்கு அச்சிட்ட வேதப்புத்தகத்தையும் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களையும் கொண்டுவரும்படி அறிவிப்பு நேரத்தில் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் வசனத்தைப் புத்தகத்திலேயே தேடி எடுக்கச் சொல்லட்டும். ஆபகூக் புத்தகம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று பக்கங்களைப் புரட்டித் தேடும் பிள்ளை, வழியில் நாகூமையும் செப்பனியாவையும் கடந்து போகிறது. திரையில் தட்டி எடுக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. வீட்டில் பாட்டியின் வேதப்புத்தகம் இருந்தால் குடும்ப ஜெபத்துக்கு அதையே எடுங்கள். பென்சிலால் கோடிட்ட வசனங்களும், முதல் தாளில் பிள்ளைகளின் பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் எழுதிய அந்தப் புத்தகத்திலிருந்து வாசிக்கும்போது பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். ஜெபம் முடியும்வரை வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசிகளும், தகப்பனாருடையதும் சேர்த்து, அடுத்த அறையில் இருக்கட்டும். முதலில் பெரியவர்கள் செய்யாமல் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில் பயனில்லை.

கைப்பேசியையும் இணையத்தையும் அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2020-இல் ஊரடங்கினால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டு, பெரிய வெள்ளியையும் ஈஸ்டரையும் நாம் வீட்டுக்குள்ளேயே ஆசரித்தபோது, நேரலை ஆராதனைதான் அநேகரைத் தாங்கியது. படுக்கையோடிருக்கும் முதியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமையன்று விடுமுறை கிடைக்காத வளைகுடா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அது இன்றும் தேவைப்படுகிறது, அதை நிறுத்தக்கூடாது. அதற்கு ஆலயத்தின் பின்புறத்தில் அசையாமல் வைத்த ஒரு கேமரா போதும். திருவிருந்து வேளையில் பீடத்தருகே நடந்து நடந்து படமெடுப்பதை மட்டும் இந்த லெந்து நாட்களிலிருந்தே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.