கூடையில் மிஞ்சிய இரண்டு பீங்கான்

ஈஸ்ற் ஹாம்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால் அப்படியேதான். குஞ்சியம்மாவின் மூத்தவனுக்குத் தையில் கலியாணம் முற்றாகிவிட்டது, மண்டபமும் எடுத்துவிட்டார்கள். கோல் எடுத்தால் நீ அலுவல் என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம்.

நீ அனுப்பிய படம் வந்தது. லேடிபவர் நீர்த்தேக்கத்துப் பக்கம், ரோட்டோரத்தில் காரை விட்டு, டிக்கிக் கதவை உயர்த்தி, அந்த விளிம்பில் சின்னவன் இருந்து சான்ட்விச் சாப்பிடுகிற படம். பின்னால் மலையெல்லாம் ஊதாப் பூ. அப்பா அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அடித்துக்கொண்டு வந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். தேத்தண்ணீருக்குப் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதற்கு முன்னால் நின்றுவிடுகிறேன்.

சின்னவன் நல்லாய் வளர்ந்துவிட்டான். அப்பாவின் காது அப்படியே வந்திருக்கிறது. கால்சட்டை கட்டையாகிவிட்டது, கவனித்தாயா? சான்ட்விச்சுக்குள் வெறும் சீஸை வைத்துக் கொடுக்காதே. முட்டை அவித்து மசித்து, மிளகுத்தூள் கொஞ்சம் போட்டு வை. சுடுதண்ணீர்ப் போத்தலைப் பாவிக்க முதல் கொதிதண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதை ஊற்றிவிட்டுத்தான் தேத்தண்ணீர் விடவேண்டும். பாலை வேறாக ஒரு சின்னப் போத்தலில் கொண்டு போ. எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். படத்தில் போத்தல் மூடியில்லாமல் நிற்கிறது.

அந்தக் கம்பளி விரிப்பு எங்கே பிள்ளை? சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது, மருமகனின் அம்மம்மா வைத்திருந்தது. அவர் அதைக் காரிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. சின்னவன் நீலத் துவாயில் இருக்கிறான். தோய்க்கப் போட்டிருப்பாய். கம்பளியை வெந்நீரில் போடாதே, சுருங்கிவிடும்.

மருமகன் எங்களை முதன்முதல் வெளியே கூட்டிக்கொண்டு போனதும் அந்த ரோட்டுக்குத்தானே. 2011 சித்திரை. மழை தூறத் தொடங்கியதும் திரும்பிவிடுவோம் என்று நான் நினைத்தேன். அவர் டிக்கிக் கதவை உயர்த்தி அதற்குக் கீழே எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துவிட்டு, தான் மழையில் நின்று தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அந்தப் போத்தலுக்கு வழி கண்டவர் டூவர் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி, 1892இல், லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். இரண்டு சுவருக்கு நடுவில் காற்றை எடுத்துவிட்டால் சூடு லேசில் போகாது என்று அப்பாவுக்கு விரலால் கீறிக் காட்டினார். எதிரே நின்ற மலைகளைக் காட்டி, 1932இல் மன்செஸ்டர்ப் பக்கத்து வேலைக்காரப் பெடியங்கள் கிண்டர் ஸ்கௌட் மலையில் அனுமதியில்லாமல் ஏறினார்கள், கலகம் செய்ததாகச் சொல்லி ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் யாரோ ஒருத்தரின் காணியாகக் கிடந்த நாட்டில் ரோட்டோரத்தில்தானே சனம் இருந்து சாப்பிடும் என்று அப்பா திரும்பி வரும்போது சொன்னார். மருமகன் படிப்பிக்கிற மனிசன், எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லும். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. உன்னிடம்தான் சொல்லவில்லை. அந்த எட்டு மாதம் நான் உன்னோடு கதைக்காமல் இருந்ததை நீ மறந்திருக்கமாட்டாய்.

ரோட்டோரச் சாப்பாடு எனக்குப் புதிதில்லை. லோண்டரியில் என்னோடு வேலை செய்த அன்ரி, உனக்கு மஞ்சள் ஸ்வெற்றர் பின்னித் தந்தவ, எல்லாம் சொல்லியிருக்கிறா. சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையால் பெற்றோலுக்குப் பங்கீடு வந்து, 1957 மே மாதம் அது முடிந்த கையோடு அவவின் அப்பா பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று வாங்கினாராம். சனிக்கிழமை கழுவித் துடைப்பார், ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார். தேநீர்க்கடைக்குள் போக ஐந்து பிள்ளைகளோடு காசு கட்டாது. சான்ட்விச், முழுத் தக்காளி, உப்பு ஒரு சுருள் தாளில், பன்றி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட போர்க் பை, போத்தலில் தேத்தண்ணீர். புல்வெளி பக்கத்தில் இருந்தாலும் கார்க் கதவோடுதான் விரிப்பைப் போடவேண்டும். மழை வந்தால் ஓடி ஏறலாம் என்று அவவின் அம்மா சொல்லுவாவாம். அப்பாவுக்குத் தன் காரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடவேண்டும் என்று ஆசையாம். அதைச் சொல்லும்போது அன்ரிக்குக் கண் கலங்கும். 1968இல் சட்டம் போட்டுக் கவுன்சில்கள் பிக்னிக் இடங்களும் மேசை வாங்குகளும் செய்து கொடுத்த பிறகும் அவவின் வீட்டார் மேசையை விட்டுக் காருக்குப் பக்கத்தில்தான் கதிரையை விரித்தார்களாம்.

சவுத்எண்ட் கடற்கரையில் வயதான வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் காரைக் கடலைப் பார்க்க விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பார்களே. வந்த புதிதில் நான் அவர்களுக்குள் ஏதோ கோபம் என்று நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன். அன்ரிதான் இல்லை, காற்றுக்கு ஏற்றியிருப்பார்கள், பேசாமல் இருப்பது அவர்களுக்கு ஆறுதல் என்றா. எது ஆறுதல், எது கோபம் என்று வெளியே நிற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இப்பவும் தெரியாது. நீ கோல் எடுத்து "எல்லாம் ஓகே அம்மா" என்கிறபோதும் தெரியாது.

தனியாகச் சாப்பிடாதே. சின்னவனை வைத்துக்கொண்டு அந்த ஸ்நேக் பாஸ் ரோட்டில் இருட்டினபிறகு ஓடாதே. பனி கொட்டினால் அந்த ரோட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று அவர்தானே சொன்னவர். மாரி வருவதற்குள் கார் ரயர் நாலையும் பார். அவரைப் பார்க்கச் சொல், அல்லது நீயே கொண்டு போய்க் காட்டு. நீ செய்வாய். மோட்டார்வேயில் ஓடவே நடுங்கின என்னுடைய பிள்ளை நீ, பாலத்துக்குக் கணக்குப் போடுகிறாய். உன்னைப் பற்றிக் கோயிலில் யார் கேட்டாலும் அப்பா பாலங்களின் நீளத்தோடு சொல்லுவார். அப்படிப்பட்ட பிள்ளை தாய்க்கு ஒரு விசயத்தைச் சொல்ல ஏன் பயப்படவேண்டும் என்று அந்தப் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று யோசித்தேன். மூன்று நாளாக யோசித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 1991, ஓகஸ்ட் விடுமுறைத் திங்கள், உனக்கு ஏழு வயது. அந்தப் பழைய கார் வாங்கி ஒரு மாதம். சவுத்எண்டுக்குப் போனோம். அப்பம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிச் சிவப்பரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கருவாட்டுப் பொரியலும் செய்து, சட்டியைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தா. கடலைப் பார்க்கக் காரை விட்டோம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், மடக்குக் கதிரை போட்டு, துணி விரித்து, எல்லாம் வடிவாக அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பம்மா சட்டியைத் திறந்தா. அந்தப் பெண் தன் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டா. காற்றுக்குத் திருப்பினாவோ, எங்கள் கருவாட்டு மணத்துக்குத் திருப்பினாவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன்? "மாமி, வெளியிலை சரியான காத்து, நீங்கள் காருக்குள்ளை இருந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லி, பீங்கானில் சோற்றைப் போட்டு, ஒரு கரண்டியும் கொடுத்து, அவவை உள்ளே இருத்திக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி நாலையும் நானே சுற்றி ஏற்றினேன். அந்த வெயிலுக்குள்.

அப்பம்மா கரண்டியால் சாப்பிட்டதை அதற்கு முதல் நீ கண்டிருக்கிறாயா? அன்றைக்குச் சாப்பிட்டா. நீ போய் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து அவவோடு ஏறி இருந்தாய். நான் கூப்பிட நீ வரவில்லை. அந்தக் கண்ணாடிக்குள்ளால் நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு நான் இத்தனை வருடமாகப் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கே போகக் கூப்பிட்டாலும் அப்பம்மா, "நான் வீட்டை நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்பா. மூட்டு வலி என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னேன். அவருக்கு இன்றைக்கும் அதுதான் தெரியும். கீரிமலைக் கடலில் பிறந்து வளர்ந்த மனிசி, 1996இல் கண்ணை மூடும் வரைக்கும் பிறகு ஒரு கடலையும் காணவில்லை. நான்தான் காரணம். மூட்டு வலி இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் சான்ட்விச் செய்யப் பழகினேன். கரை வெட்டி, வெள்ளரிக்காய் மெல்லிசாகச் சீவி, ஈரத்துணி சுற்றி. லோண்டரி அன்ரியிடம் கேட்டுக் கேட்டுப் பழகினேன். 2011இல் அந்த ரோட்டோரத்தில் நான் பெட்டியைத் திறந்தபோது மருமகனின் முகம் வாடியது உனக்குத் தெரியுமா? "சோறு கொண்டுவரவில்லையா?" என்று கேட்டார். நீ அவரிடம் அப்பம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிச் சொல்லியிருந்தாயாம். நேரமில்லை என்று பொய் சொன்னேன்.

பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குப் பழக்கினது நான். சனம் என்ன சொல்லும், கோயிலில் என்ன கதைப்பார்கள், சத்தம் போடாதே, கண்ணாடியை ஏற்று. நீ இப்போது எனக்கு எதையாவது ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறாய் என்றால், அது என்னிடம் படித்ததுதான். பிள்ளை, என்னிடம் படித்ததை என்னிடமே காட்டாதே. எனக்குத் தாங்காது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சின்னவனின் காதை மட்டும்தான் பார்க்கிறார்.

25ஆம் திகதி விடுமுறைத் திங்கள் வருகிறது. அப்பாவால் இப்போது அவ்வளவு தூரம் ஓட ஏலாது. செயின்ற் பங்கிராஸில் காலை ரயில் எடுத்து வருகிறோம், ஷெபீல்ட் ஸ்ரேசனுக்கு நீ வா. எங்களை அந்த லேடிபவர் ரோட்டுக்கே கூட்டிக்கொண்டு போ, படத்தில் கார் நிற்கிற அதே இடத்துக்கு. நீ ஒன்றும் சமைக்காதே. நான் சிவப்பரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கருவாட்டுப் பொரியலும் கொண்டு வருகிறேன். சோற்றை விடியச் சமைத்து உடனே ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டு வருவேன், சின்னவனுக்கு ஒன்றும் செய்யாது. ரயிலில் மணக்கும். மணக்கட்டும். நீ போத்தலில் தேத்தண்ணீர் மட்டும் கொண்டு வா, முதலில் கொதிதண்ணீர் விட்டுச் சூடாக்கு.

உங்கள் கலியாணத்துக்கு நாங்கள் தந்த பிக்னிக் கூடையும் படத்தில் இருக்கிறது. நாலு பேருக்கான கூடை. மூடியின் உள்பக்கம் இரண்டு பீங்கான் வாரில் செருகினபடி இருக்கின்றன. இரண்டுதான் வெளியே எடுத்திருக்கிறாய். அதை நான் முதல் நாளே எண்ணிவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் உங்களுக்குமாக எத்தனை பீங்கான் வேண்டும் என்று எழுது. நாலு போதுமென்றால் கூடையே காணும். ஐந்தென்றால் ஒன்று நான் இங்கிருந்து கொண்டு வருகிறேன். அந்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும்.

அம்மா