எந்தப் புள்ளிவிவரம் ஐயா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

'முழு தானியத்தைத் தமிழர்கள் கைவிட்டுவிட்டதைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன' என்று ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள். எந்தப் புள்ளிவிவரம் ஐயா? உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்கு மாதச் செலவைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். ரேஷன் அரிசி எத்தனை கிலோ, கடை அரிசி எத்தனை கிலோ என்று கேட்டுக் கேட்டு டேப்லெட்டில் தட்டினார். "இதுல அஞ்சு கிலோ தவிடு போகாத கைக்குத்தல்மா, எனக்குச் சர்க்கரை" என்றேன். "எல்லாம் அரிசிதான் சார், தனியா போட இடமில்ல" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின் படிவத்திலும் அப்படித்தான். மைதாவுக்குத் தனிக் கட்டம் உண்டு. கோதுமையும் ஆட்டாவும் ஒரே கட்டம். சரி, சாமையும் வரகும் சிறுதானியக் கணக்கில் வருகின்றன. பெரிய மார்க்கெட்டில் நான் வாங்கிய சாமை தீட்டித் தீட்டி ரவை மாதிரி வெளுத்துக் கிடந்ததே, தவிடெல்லாம் போன அது முழு தானியமா? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் பெரியவர்களிடம் பால், பருப்பு, கீரை, முட்டை, பொரித்த பண்டம் வரை கேட்டார்கள். தானியம் பற்றி மூச்சுவிடவில்லை. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1972 முதல் பார்த்துவந்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகத்தை 2015இல் மூடினார்கள். 2017-18 செலவு ஆய்வு வெளிவரவே இல்லை. அதற்கெல்லாம் ஒரு தலையங்கம் உண்டா?

புதுச்சேரியில் பெரியவர்கள் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னபோது, உங்களிடம் எட்டாம் பக்க மூலைதான் கிடைத்தது. அதே வருடம் சிறுதானிய ஆண்டு என்று கம்பங்கூழ் குடிக்கும் நடிகை மட்டும் முதல் பக்கத்தில். அப்போது நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக வெட்டி, என் ஊரையும் கடலூர் ஆக்கினீர்கள். பரவாயில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம், போன வாரம் ஒரு கடையில் 'கோதுமை பிரெட்' வாங்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உறையில் முதல் பெயர் மைதா. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. பழுப்பு நிறம் கேரமல் சாயத்தின் புண்ணியம். என் பேரன் பள்ளியில் இதைத்தான் முழு தானியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த முறை இப்படி எழுதும்போது எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்று அடியில் ஒரு வரி போடுங்கள். இடம் போதாதென்றால் நடிகை படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகர்,
புதுச்சேரி (கடலூர் அல்ல).