வெர்சாய் தூண்களுக்குள் ஒரு கடல் மேடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த, பிரான்சின் வெர்சாய் அரண்மனைப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கண்ணாடி மண்டபத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார் கட்டுரையாளர். ஆனால் படத்தின் கீழே, சுவரோடு ஒட்டி நிற்கும் சிவப்புத் தூண்களை ‘இத்தாலியப் பளிங்கு’ என்று போட்டிருந்தது மனதை உறுத்துகிறது. அது பெல்ஜியத்தில் ரான்ஸ் என்ற ஊரின் கல். வணிகர்கள் பளிங்கு என்பார்கள்; நிலவியல்படி சுண்ணாம்புக்கல்தான். உண்மையான பளிங்கைப் போல வெப்பத்தில் உருமாறியதல்ல, கடலடியில் வளர்ந்தது.

‘வளர்ந்தது’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், அங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. வெளிச்சம் எட்டாத, புயலலையும் தொடாத ஆழத்தில் சுண்ணாம்புச் சேறு குவிந்து மேடானது. தானாக வந்து படியும் சேறு தரையெங்கும் பரவும். இப்படி மேடு கட்டாது. இங்கே நுண்ணுயிர்ப் படலங்கள் சுண்ணாம்பை அங்கேயே படியவைத்தன, படிந்ததை ஒட்டிப் பிடித்தும் வைத்தன. கூடவே கடற்பஞ்சுகள். கல்லின் சிவப்பும் உயிர் தந்ததுதான்: ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ்ந்த இரும்பு பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற ஹெமடைட் என்ற சிவப்பு இரும்புக் கனிமம்.

மேடு உயர உயர, கடல் அல்லிகளும் (பூப்போலத் தோன்றும் விலங்குகள்) பவளங்களும் குடியேறின. சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பானது. வெளிச்சம் எட்டியதும் பாசிகள் சேர்ந்தன, கல் சாம்பல் நிறம் கொண்டது. சில மேடுகள் 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. அந்தப் பக்கத்துப் பழைய கல்குவாரிகளில், சுவரின் நிறத்தை அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனால் கடலின் ஆழம் குறைந்து வந்தது தெரியும். கடலில் பாறைமேடு என்றாலே பவளம் கட்டியது என்று நினைக்கிறோம். இங்கே பவளம் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்தக் கற்களில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அடி தட்டையாக, மேல்புறம் ஒழுங்கற்று. 1881இல் பெல்ஜிய நிலவியலாளர் எடுவார் டுபோன் இவற்றை ஓர் உயிரினம் என்று கருதி ஸ்ட்ரோமட்டாக்டிஸ் என்று பெயரிட்டார். உண்மையில் அவை சேற்றுக்குள் இருந்த பொந்துகள், பின்னர் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் நிரம்பியவை. கடற்பஞ்சுகள் அழுகிய இடம் என்பார் பலர். விவாதம் இன்னும் ஓயவில்லை.

பட விளக்கத்தை ‘பெல்ஜியத்தின் ரான்ஸ் சுண்ணாம்புக்கல்’ என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், திருச்சி