வலையை விரல் விரலாக உயர்த்தியவருக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை மருத்துவர் என் வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடற்கரைக் கைப்பந்துப் போட்டிக்குத் திரும்பலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை அருகில் வைத்துக்கொண்டே இம்மடலை எழுதுகிறேன். கடந்த பதினோரு மாதங்களில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் சொல்லி உங்களை வருத்த விரும்பவில்லை.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவக் குழுவினருக்கும், வலி தாளாமல் நான் கடிந்து பேசிய நாள்களிலும் முகம் கோணாமல் பயிற்சி தந்த இயன்முறை மருத்துவருக்கும், இரவெல்லாம் உடன் விழித்திருந்த குடும்பத்தாருக்கும், வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஆடியவர்களாக இருந்தும் நலம் கேட்டு எழுதிய வீராங்கனைகளுக்கும் நான் என்றென்றும் கடன்பட்டவள். என் இணை ஆட்டக்காரருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கடற்கரைக் கைப்பந்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. இருவரில் ஒருவர் ஆட முடியாமற்போனால் அந்த ஆட்டமே எதிரணிக்குப் போய்விடும். போட்டிகளில் இடம் கிடைப்பதும் இருவருடைய புள்ளிகளையும் கூட்டிப் பார்த்துத்தான். அப்படியிருந்தும், என் கை தேறுமா என்பதே உறுதியாகாத நாளில், "உன் இடம் உனக்குத்தான்" என்று சொல்லி, அடுத்த பருவத்திற்கு வந்த அழைப்புகளை அவர் மறுத்தார். பரிசுத்தொகையை நம்பி வாழ்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் புரியும்.

நான் பயிற்சி செய்யும் களத்தைப் பராமரிக்கும் பெரியவரை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அவருடைய வேலை முடிந்துவிடும். 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் களத்தில் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் இருக்க வேண்டும், அதில் கல்லோ சிப்பித்துண்டோ கிடக்கக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சலித்து நிரவிய மணலில் நான் விழுந்து புரண்டிருக்கிறேன். ஒரு வணக்கத்துக்கு மேல் அவரிடம் பேசியதில்லை.

தோளுக்கு மேல் கையைத் தூக்க அனுமதி கிடைத்த வாரம், ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில் தனியாகக் களத்துக்குப் போனேன். பெண்கள் ஆடும் வலையின் உயரம் 2.24 மீட்டர். அன்று அது என் தலைக்குச் சற்று மேலே, குதிக்காமலே பந்தைத் தட்டி மறுபக்கம் அனுப்பும் அளவுக்குத் தாழ்த்திக் கட்டப்பட்டிருந்தது. நான் கேட்கவில்லை, வேறு யாரும் சொல்லவும் இல்லை. அவர் களத்தின் மறுகோடியில் மணலை வாரிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாரங்கள் சென்றன. எவ்வளவு முயன்றும் பந்து வலையின் மேல்நாடாவை உரசிக்கொண்டேதான் போயிற்று. தாழ்த்திக் கட்டிய வலையையே தாண்ட முடியாத கை இனி எதற்கும் ஆகாது என்று முடிவு செய்து, ஒருநாள் பந்துகளைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். அவர் அருகில் வந்து, ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல், தூணைச் சுற்றியிருந்த மெத்தையுறையை அவிழ்த்தார். உள்ளே பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு விரல் இடைவெளியில். ஒவ்வொன்றின் அருகிலும் தேதி. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் வருவதற்கு முன் வலையை ஒரு விரல் உயர்த்திக் கட்டி வந்திருக்கிறார். உடன் இருப்பவருக்குக் குழந்தை வளர்வது தெரியாததுபோல எனக்கு அது தெரியவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் நீங்கள் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன், அம்மா" என்றார்.

மருத்துவமனையில் இருந்தபோது பலர் எனக்கு அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷ் ஜென்னிங்சை நினைவூட்டினார்கள். 2004, 2008, 2012 என மூன்று ஒலிம்பிக்கிலும் மிஸ்டி மே-ட்ரேனருடன் தங்கம் வென்றவர், 2015-இல் தோள் நழுவி அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மறு ஆண்டே ரியோவில் ஏப்ரல் ராசுடன் வெண்கலம் வென்றார். அந்த வரலாறு எனக்குப் பெரும் துணையாக இருந்தது. ஆனால் அறுவை சிகிச்சைக்கும் பதக்கத்துக்கும் நடுவே அவர் கடந்த காலைப் பொழுதுகளைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ ஒருவர் எங்கோ வலையைத் தாழ்த்திக் கட்டியிருப்பார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பதினேழாவது கோடு சென்ற திங்கட்கிழமை விழுந்தது. அது 2.24 மீட்டர். அதன் அருகில் தேதியை என்னையே எழுதச் சொன்னார். தம் பெயரை மட்டும் எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இங்கே அதைக் குறிப்பிடவில்லை.

இனி எந்தக் களத்தில் பயிற்சி செய்தாலும், என் காலடிக் குழிகளை நானே நிரவிவிட்டுத்தான் வெளியேறுவேன் என்று உறுதி எடுத்திருக்கிறேன். மூன்று நாள்களாக அப்படியே செய்து வருகிறேன். எல்லை நாடாவின் ஓரத்தில் மணல் குவிந்துவிடுகிறது. அதை மேடு விழாமல் உள்ளே இழுப்பது எப்படி என்பதை அவரிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.