பாடநூல் குழுவுக்கு: அந்த வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு, வணக்கம்.

எந்த வரி என்று உங்களுக்கே தெரியும். இடைக்கால ஐரோப்பாவில் அச்சு வரும்வரை எழுத்து வேலை முழுவதும் மடத்துத் துறவிகளுடையது என்று சொல்லும் வரிதான். மூன்று வருடமாகக் கடிதம் போடுகிறேன், ஒரு வரி பதில்கூட இல்லை.

அரையாண்டுத் தேர்வில் என் மாணவி ஒருத்தி, "நகரங்களில் கடை வைத்திருந்த எழுத்தர்களும் எழுதினார்கள்" என்று விடை எழுதினாள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததுதான். விடைக்குறிப்பில் துறவிகள் மட்டுமே இருந்ததால் வேறு பள்ளியில் திருத்தியவர்கள் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள், இரண்டு மதிப்பெண் போய்விட்டது. தாளை என் மேசையில் வைத்து, "நீங்க சொன்னதுதானே சார்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது?

அவள் எழுதியது சரி. 1373இல் லண்டனின் பத்திர எழுத்தர்கள் மேயரிடம் மனுப் போட்டார்கள். ஊர் வழக்கம் தெரியாத ஆட்கள் உயிலும் பத்திரமும் எழுதித் தங்கள் பெயரையும் கெடுக்கிறார்கள், தொழிலில் உள்ளவர்கள் ஏற்றுக்கொள்ளாத யாரும் கடை வைக்கக் கூடாது, எழுதியவர் தன் பெயரைப் பத்திரத்திலேயே போட வேண்டும் என்று கேட்டார்கள். அங்கிருந்துதான் ஸ்கிரிவனர் சங்கம், அதாவது பத்திர எழுத்தர்களின் சங்கம், வளர்ந்தது. 1392இல் தொடங்கிய அவர்களுடைய பதிவேட்டில் ஒவ்வொருவரும் தன் கையாலேயே உறுதிமொழி எழுதினார்கள்: முன்தேதி போட மாட்டேன், எழுதாத வெற்றுத்தாளில் முத்திரை வாங்க மாட்டேன். ஒரு பொய்த் தேதியால் ஒரு குடும்பத்தின் வீடே கைமாறிவிடும் என்று தெரிந்தவர்கள் எழுதிய வார்த்தைகள் அவை. நூல் படியெடுப்பவர்களும் ஓவியம் தீட்டுபவர்களும் 1403இல் தனிச் சங்கம் கண்டார்கள். இங்கிலாந்துக்கு அச்சு வந்ததோ 1476இல்தான்! இத்தாலியின் பொலோன்யாவில் நோட்டரிகள் 13ஆம் நூற்றாண்டிலேயே சங்கமாகத் திரண்டிருந்தார்கள்.

நகரம் பெருகியது, வியாபாரம் பெருகியது, அதனால் கடனுக்கும் நிலத்துக்கும் தாள் தேவைப்பட்டது. இவ்வளவுதான் காரணம், பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் புரிகிறது. ஆனால் உங்கள் நூலில் அரசர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, கூலிக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு ஒரு வரி இல்லை. நெசவாளிக்கும் கொத்தனுக்கும் இதே கதிதான், அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள், நகர எழுத்தர்களைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். அடுத்த பதிப்பு வரும்வரை நூலைத் திருத்த முடியாதென்றால், விடைக்குறிப்பையாவது இப்போதே மாற்றி அந்தப் பிள்ளையின் இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.

பணிவுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்